மோகனன் வீட்டுக் கற்றாழை

வக்கீல் குமாஸ்தா ராஜப்பன் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தபோது, குளத்தூரிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்த புஷ்பபாய் வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

"அண்ணே, எனக்க வீட்டுக்காரரை ஒற்றன்னு சொல்லுதாவ. சாயந்திரம் தீர்ப்பாம். பயலுவ இப்பவே கம்பு வெட்டியாச்சு."

குமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டவர்கள்மீது மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, எல்லைப்புறத்தில் அந்தப் பட்டம் வாங்கியவன் முழு எலும்போடு வீடு சேர்வது கஷ்டம்.

மறுநாள் பாறசாலைச் சந்தையில் ஏற்ற வேண்டிய போராட்டக் கொடியை டீக்கடை மோகனன் வீட்டில் ஒளித்திருந்தார்கள். இடம் தெரிந்தவர்கள் மோகனன், புஷ்பபாயின் கணவன் செல்லையன், கொடியேற்றப் போகும் தலைவர் பொன்னையன் ஆகிய மூவர்தான். நேற்று போலீஸ் நேராக அந்த வீட்டுக்கே வந்துவிட்டது. செல்லையனின் அண்ணன் நெய்யாற்றின்கரையில் கான்ஸ்டபிள். வேறு சாட்சி எதற்கு?

"கொடி போச்சா?"

"இல்லண்ணே, அவனுவளுக்குக் கிட்டல்ல."

"அப்போ இது பெரிய கேசாக்கும்!" என்று துள்ளி எழுந்தான் ராஜப்பனின் கூட்டாளி ஈசாக். கால்தடம் அளக்க மடியில் எப்போதும் நூல் வைத்திருப்பவன்.

மோகனன் வீட்டில் செல்லையன் தலைகுனிந்து நின்றான். முற்றத்தில் கம்புகளோடு பயல்கள். நடுநாயகமாகப் பொன்னையன். "வரட்டும் குண்டு!" என்று மேடைதோறும் சட்டையைத் திறந்து காட்டியவரின் மார்பில் இதுவரை ஏறியது சளி மட்டும்தான்.

"போலீசு என்ன செய்தான், மோகனா?"

"ஹெட் கான்ஸ்டபிள் வந்ததும் ‘குமரி எவிடெ?’ன்னு மலையாளத்தில கேட்டான். எனக்க மவ ஓமனக்குட்டி கட்டில்ல இருந்தா. அவளை எழுப்பிவிட்டு கட்டிலைப் பொரட்டினான், பாயை உதறினான். வேற ஒண்ணையும் தொடல்ல. அவனுக்க தொப்பியை எடுத்துட்டுப் போயிட்டான்."

"தொப்பியை எங்க வச்சிருந்தான்?"

"அந்தச் சட்டிக்க மேல."

ஜன்னலோரம் ஒரு மண்சட்டி. அதில் முள்விளிம்புக் கற்றாழை. கொடி அதன் மண்ணுக்கடியில்தான் இருந்தது. தண்ணீர் ஊற்றாமலே வாழும் செடி என்பதால் துணி நனையாது என்ற யோசனை.

ராஜப்பன் செடியின் இலையை நிதானமாகத் தடவினார். "இதுக்கு என்ன பேரு?"

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இந்த மனுசன் செடிக்குப் பேர் கேட்கிறாரே என்று புஷ்பபாய் முற்றத்துக் கம்புகளைப் பார்த்தாள்.

"கற்றாழை," என்றான் மோகனன். "வெள்ளம் வேண்டாம், வளம் வேண்டாம். சவம், அதுபாட்டுக்குக் கெடக்கும்."

"நீ என்ன சொல்லுவே, செல்லையா?"

"கற்றாழைதான்."

"தலைவரே, ரெண்டு பேரு சொல்லுததும் சரிதானா?"

"கொச்சை!" என்று முழங்கினார் பொன்னையன். "வைத்திய ஏட்டில் இதற்குப் பெயர் குமரி. குமரியைக் குமரி என்று அழைக்கத் தெரியாதவன் குமரி எல்லையை எப்படி மீட்பான்?"

கைதட்டலுக்காக அவர் காத்திருந்தார். வரவில்லை. ஓமனக்குட்டிதான் முதலில் சிரித்தாள். "அப்பா, போலீசு தேடினது என்னை இல்ல!"

"கற்றாழைன்னு சொல்லியிருந்தா மலையாளத்துக்காரனுக்கும் விளங்கியிருக்கும், கொடியும் போயிருக்கும்," என்றார் ராஜப்பன். "‘குமரிக்க அடியில’ன்னு தகவல் போனா அவன் பொண்ணுக்க கட்டிலைத்தானே பொரட்டுவான்? போலீசுக்கு நீங்க விட்ட ஆளு உங்க செந்தமிழை மாத்தாமலே கொண்டு சேத்திருக்கான், தலைவரே. கொடி போனா நாளைக்கு ஏத்த வேண்டாம், இல்லியா?"

பொன்னையன் சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டார். ஈசாக் மண்ணைக் கிளறிக் கொடியை எடுத்து நிமிர்ந்தபோது புறக்கடைக் கதவு ஆடிக்கொண்டிருந்தது. வாழைகளுக்கிடையே சேற்றில் தலைவரின் கால்தடம். ஈசாக்கின் நூலுக்கு முதன்முதலாக வேலை வந்தது.

புஷ்பபாய் அப்போதுதான் மூச்சை முழுதாக விட்டாள்.

"இனி யாரு ஏத்துவா?" என்று மோகனன் கேட்டான். சந்தையில் போலீஸ் நிற்கும். அது எல்லாருக்கும் தெரியும்.

செல்லையன் கொடியை வாங்கி மண்ணை உதறினான். "ஒற்றன்னு சொன்னியளே. நான் ஏத்துதேன்."

"எலே மக்கா, கம்பு வேண்டாமா?" என்று முற்றத்திலிருந்து ஒரு பயல் ஓடிவந்தான். மத்தியானம் செல்லையனை அடிக்க வெட்டியதில் நீளமானதை நீட்டினான்.

செல்லையன் கொடியை அதில் வைத்து அளவு பார்த்தான். புஷ்பபாய் ஜன்னல் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். கைபட்டுக் கற்றாழைச் சட்டி கடகடவென்று ஆடியது.