ஒரு டிஸ்க்கில் அடங்காத மழை

கடையில் இருந்தது ஒரே ஒரு டிஸ்க் பாக்கெட்... அதன் மேல் இரண்டு கைகள்!

ஒன்று அவளுடையது. மழையில் நனைந்து, சொட்டச் சொட்ட. இன்னொன்று யாருடையது என்று நிமிர்ந்தவள், ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டாள். தூக்கம் போதாத கண்கள்... ஆனாலும் எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டே இருக்கிற கண்கள். இப்படியும் ஒருத்தனுக்குக் கண் அமையுமா?

"கையை எடுங்க. நான்தான் முதல்ல எடுத்தேன்" என்றாள், சட்டென்று சுதாரித்துக்கொண்டு.

"தொட்டது நீங்கதான் மேடம். எடுத்தது நான்."

"ஓஹோ! அதுக்கு யாரு சாட்சி?"

"இதோ, அண்ணன். அண்ணே, நீங்களே சொல்லுங்கண்ணே."

கல்லாவில் இருந்த கடைக்காரர் கன்னத்தில் கைவைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த பாக்கெட்டை ஏறெடுத்துப் பாக்க ஆளில்லாம தூசி படிஞ்சு கெடந்துச்சு. இன்னைக்கு என்னடான்னா அதுக்கு அடிதடி! பேசி முடிச்சிட்டு வாங்க."

"எனக்கு இது தொழில் மேடம்" என்றான் அவன். "கல்யாண வீடியோ, ஸ்கூல் விழா வீடியோ... எல்லாத்தையும் டிஸ்க்ல ஏத்தித் தர்றவன் நான்."

"எனக்கு இது எங்க அப்பா..."

சொல்லவே கூடாது என்று நினைத்திருந்தாள். வாய் முந்திக்கொண்டது.  அவன் கையை எடுத்துவிட்டான்.

நன்றி சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் சும்மா இருக்க மாட்டாமல், "படம் ஹெச்.டி.யா? அப்படியே காப்பி பண்ணிடாதீங்க. கம்ப்யூட்டர்ல ஓடும், பிளேயர் சீண்டாது" என்றான்.

"படம் எடுக்கறவளுக்கு அதைப் போடத் தெரியாதாக்கும்?"

"தெரியும் தெரியும்... தெரியலைன்னா, இதே கடை மாடியிலதான் என் ரூம்."

அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. விறுவிறுவென்று மழையில் இறங்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர, தெருமுனையில் திரும்பித்தான் பார்த்தாள்.

வீட்டில் அப்பா, பிரிக்காத செய்தித்தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"அவ நனைஞ்சிட்டு வந்திருக்கா. தலையைத் துவட்டச் சொல்லு" என்றார், அம்மாவிடம்.

"கண்ணு முன்னாடிதானே நிக்கறா! நீங்களே சொன்னா வாய் வலிக்குமா?"

அப்பா செய்தித்தாளைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். வங்கி வேலையை உதறிவிட்டு அவள் கேமராவைத் தூக்கிய நாளிலிருந்து இதே கதைதான். கேட்பது, சொல்வது எல்லாம் அம்மா வழியாக. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை... ஆனால் மகளிடம் நேராக ஒரு வார்த்தை கிடையாது. அவளுக்கும் அவருடைய ரத்தம்தானே, லேசில் இறங்கி வருவாளா? அவளும் பேசவில்லை.

பேசாமல் என்ன செய்தாள் என்பதுதான் ரகசியம். அப்பா பஸ் டிரைவர். நாளைக்கு ஓய்வு பெறுகிறார். கண்டக்டர் மாமாவோடு கூட்டுச் சேர்ந்து, தொப்பியும் மழைக்கோட்டுமாகக் கடைசி சீட்டில் உட்கார்ந்து, பல நாள் அந்த பஸ்ஸிலேயே போய்வந்தாள். அப்பா ஓட்டுவதை எடுத்தாள். தினமும் ஏறுகிறவர்களை இறங்கும் இடத்தில் பிடித்துப் பேச வைத்தாள். நாளைக்கு டிப்போ ஹாலில் நடக்கும் விழாவில் அந்தப் படம் ஓடும். அதைப் பார்த்துவிட்டு அப்பா நேராக ஒரே ஒரு வார்த்தை... 'பரவால்ல' என்றாவது... சொல்லிவிட மாட்டாரா? அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சோதனை என்னவென்றால், டிப்போ டிவி சுவரின் உச்சியில் ஒரு கம்பிக்கூண்டுக்குள் இருந்தது. கூண்டின் சாவி எப்போதோ தொலைந்துபோனது. வெளியே மேசை மேல் இருக்கும் ப்ளூ-ரே பிளேயர்தான் ஒரே வழி. அதிலும் பென் டிரைவ் சொருகும் இடத்தை யாரோ உடைத்து வைத்திருந்தார்கள். "டிஸ்க் மட்டும்தாம்மா ஓடும்" என்று கண்டக்டர் மாமா கையை விரித்துவிட்டார்.

பாக்கெட் வாங்கிய அன்றைக்கே, படத்தை டிஸ்க்கில் ஏற்றி அவர் வீட்டு பிளேயரில் போட்டுப் பார்த்தார்கள். உள்ளே டிஸ்க்கை வாங்கி வைத்துக்கொண்டே, திரையில் 'டிஸ்க் இல்லை' என்று எழுதிக் காட்டியது! அடுத்ததைப் போட்டார்கள். அதற்கும் அதே பதில்.  சிரிக்கிற கண்கள் ஞாபகத்துக்கு வந்தன...

'போய் நிக்கணுமா, அவன் முன்னாடி?'

நிற்கத்தான் வேண்டும்.

மாடிப்படி ஏறும்போதே அவன் சத்தம் கேட்டது. "வாங்க மேடம்! உங்களுக்காக நாற்காலி மேல இருந்த டிஸ்க்கை எல்லாம் எடுத்து வெச்சிட்டேன்."

"நான் வருவேன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல... ஒரு ஆசைதான்."

கோபப்பட வேண்டிய இடம். ஆனால் கன்னம் ஏனோ சூடானது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அறையைப் பார்த்தாள். சுவர் முழுக்க டிஸ்க்குகள், மூலையில் ஒரு டிவி, அதன் கீழே பளபளவென்று ஒரு புது பிளேயர். ஜன்னலில் மழை.

அவன் வேலையில் இறங்கியதும் ஆளே மாறிப்போனான். கிண்டல் குறைந்தது. பிளேயருக்குப் புரிகிற மாதிரி படத்தைச் சுருக்கி அடுக்கினால்தான் ஓடும் என்றான். "உங்க பாக்கெட் சாதா டிவிடி. அதுலயும் ஹெச்.டி. எழுதலாம். ஆனா ஒரு நொடிக்கு இவ்வளவு தகவல்தான் அனுப்பலாம்னு ஒரு அளவு இருக்கு. தாண்டினா பிளேயருக்கு மூச்சு முட்டிடும். படத்துல மழை இருக்கா?"

"கடைசியில இருக்கு."

"போச்சு! மழைதான் வில்லன். ஒவ்வொரு துளியும் தனியா இடம் கேக்கும்."

படம் ஓடியது. பேசிக்கொண்டே இருந்தவன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான். பரீட்சைக்கு ஓடிவந்த பெண்ணுக்காக பஸ்ஸை நிறுத்திய அப்பா... பார்வையில்லாதவரை இறக்கிவிட்டு, அவர் தெருவைத் தாண்டும் வரை காத்திருந்த அப்பா... கடைசியில் கொட்டுகிற மழை. டிரைவர் சீட்டுக்கு மேலே இருந்த கண்ணாடியில் அப்பாவின் நெற்றி. அவருக்குப் பின்னால், தூரத்தில், கேமராவைத் தாண்டி எட்டிப் பார்க்கும் ஒரு முகம். ஜன்னல் சாரலில் நனைந்த இமைகள், ஏங்குகிற இரண்டு கண்கள்...

"இது... நீங்கதானே?"

"ம்... தெரியாம விழுந்துட்டேன். வெட்டியிருக்கணும். மனசு வரல." அவள் குரல் இறங்கியது. "நானும் அப்பாவும் ஒண்ணா இருக்கற இடம் அது ஒண்ணுதான்."

அவன் திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். அந்தப் பார்வையில் அவளுக்கு மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. நல்லவேளை, அம்மா போனில் கூப்பிட்டாள். பேசிவிட்டு வந்தபோது அவன் ஏதோ எண்களை மாற்றி, முதலிலிருந்து மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தான். "இன்னும் கொஞ்ச நேரம்... சூப்பரா வரும் பாருங்க!"

வந்தது. புது பிளேயரில் ஒரு துளிகூடச் சிதறாமல் மழை பெய்தது. "இதுல ஓடினா எதுலயும் ஓடும்" என்று மார்தட்டினான். "நாளைக்கு நானும் வரலாமா?" என்றும் கேட்டான், மெதுவாக.

"டிப்போதானே... யாரு வேணா வரலாம்" என்று பிடிகொடுக்காமல் சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கினாள். கால் தரையில் பாவவில்லை!

மறுநாள் ஹாலில் நிற்க இடமில்லை. முன்வரிசையில் அப்பா, தேய்த்த சட்டையும் இறுகிய முகமுமாக. கடைசி வரிசையில் அவன், தோளில் லேப்டாப் பையோடு. டிஸ்க் சுழன்றது... படம் வந்தது! சிரிப்பு, கைதட்டல், விசில். பரீட்சைப் பெண் பேசியபோது அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் தன் துப்பட்டா நுனியை முறுக்கியே கசக்கிவிட்டாள். இதோ, மழை... இதோ, இப்போது கண்ணாடி...

படம் திக்கியது. உதறியது. நின்றே போனது. பிறகு இருட்டு.

"என்னாச்சு?" என்று ஒரே சலசலப்பு. அப்பா எழுந்து, யாரையும் பார்க்காமல் வாசல் பக்கம் போனார். அவளுக்குத் தலையில் இடி விழுந்தது மாதிரி இருந்தது. அவன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான்.

"எதுலயும் ஓடும்னீங்களே!" அடிக்குரலில் சீறினாள். "உங்களைப் போய் நம்பினேன் பாருங்க... தயவுசெஞ்சு போயிடுங்க."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "போறேன். நீங்க சொன்னா போயிடறேன். ஆனா இதைச் சரி பண்ணிட்டுப் போறேன். தப்பு என்னுதுதான். சரியான அளவுல ஒண்ணு முதல்லயே முடிச்சிட்டேன். லேப்டாப்ல இருக்கு, எழுதினா போதும்."

"முதல்லயே முடிச்சீங்களா? அப்புறம் எதுக்கு இந்தக் கர்மம்?"

அவன் லேப்டாப்பைத் திறந்தான். அவள் பாக்கெட்டில் மிச்சமிருந்த டிஸ்க் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தான். டிஸ்க் உள்ளே போய் விர்ரென்று சுற்ற ஆரம்பித்த பிறகுதான் பதில் வந்தது.

"அந்த அளவுல... மழையில உங்க முகம் கட்டம் கட்டமா உடைஞ்சு போச்சு. என்னால பாக்க முடியல. அளவைக் கூட்டினேன். கண்ணு தெளிஞ்சுது, இமை தெளியல. இன்னும் கூட்டினேன். தாண்டக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவன்தான் நான்... எனக்கே அது மறந்துபோச்சு. உங்களைப் பிடிச்சிருக்கு. அதான் காரணம். திட்டணும்னா திட்டுங்க."

அவள் திட்டாமல், பிளேயரில் நின்றுபோயிருந்த டிஸ்க்கை எடுத்துப் புதியதற்கு இடம் பண்ணினாள்.  

"ஏன் தம்பி..." பின்னால் ஒரு குரல். அப்பா! கையில் தண்ணீர் பாட்டில். "வண்டி தாங்காத வேகத்துல ஓட்டிட்டியா?"

"ஆமா... சார்."

"சரி சரி. இப்பவாச்சும் நிதானமா ஓட்டு" என்றவர், போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

படம் மறுபடி ஓடியது. மழை வந்தது. துளிகள் கொஞ்சம் கலங்கித்தான் தெரிந்தன, அவள் முகமும் கலங்கித்தான் தெரிந்தது. ஆனால் நிற்கவில்லை. அப்பாவும் மகளும் ஒரே கண்ணாடிக்குள், கடைசி வரை! கைதட்டலில் கம்பிக்கூண்டே அதிர்ந்தது.

அப்பா எழுந்து வந்து அவள் முன்னால் நின்றார். நடுவில் அம்மா இல்லை.

"அன்னைக்கு நனைஞ்சிட்டே உக்காந்திருந்தியே... காய்ச்சல் வரும்னு தெரியாதா உனக்கு?"

"அப்பா... பாத்தீங்களா?"

"பின்னாடி பாக்காம எவனாவது பஸ் ஓட்டுவானா? தெனமும் பாத்தேன். நீ ஏறினதுக்கப்புறம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் மெதுவா எறக்கினேன். கேமரா ஆடிடக் கூடாதில்ல?"

"அப்பவே பேசியிருக்கலாமேப்பா..."

"பேசினா எறங்கிப் போயிடுவியோன்னு பயம்மா."

அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் பிடித்த பிடிவாதம் அந்த இடத்திலேயே கரைந்தது. அப்பாவின் தேய்த்த சட்டையைக் கண்ணீரால் பாழாக்கிவிட்டு நிமிர்ந்தபோது... அவனைக் காணோம்!

அடித்துப் பிடித்து வாசலுக்கு ஓடினாள். கொட்டுகிற மழையில் பஸ்கள் வரிசையாக நின்றன. லேப்டாப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அவன் போய்க்கொண்டிருந்தான்.

"ஹலோ! எங்க கிளம்பிட்டீங்க?"

"நீங்கதானே போகச் சொன்னீங்க..."

"சொன்னா போயிடறதா? இவ்வளவு நாள் வீட்டுல ஒருத்தர்கூடப் பேசாம இருந்து பட்டது போதும் எனக்கு. மனசுல இருக்கறதை இனிமே யாருகிட்டயும் அடக்கி வைக்கிறதா இல்ல." மூச்சு வாங்கியது. மழை முகத்தில் அறைந்தது. "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு!"

அவன் பையைக் கீழே இறக்கினான். நனைந்தால் நனையட்டும் என்று விட்டுவிட்டானோ, என்னவோ. சிரிக்கிற அந்தக் கண்களில் இப்போது சிரிப்பில்லை. நம்ப முடியாமல் விழித்துக்கொண்டு நின்றான்.

"மழை சத்தத்துல சரியா கேக்கல... இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

கேட்டிருந்தது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். வாசலில் கண்டக்டர் மாமா தொண்டையைச் செருமினார். அவருக்குப் பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை. டிப்போ மொத்தமும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, இன்னொரு தடவை சொன்னாள்.