அக்காவின் சீர் பீரோ

இடியாப்பம் ஆறிக்கொண்டிருந்தது. சந்திரலேகாவுக்கு இடியாப்பம் என்றால் உயிர் என்று துர்காதேவி விடியுமுன்பே எழுந்து பிழிந்து, தேங்காய்ப்பாலும் எடுத்து வைத்திருந்தாள். சந்திரலேகா குளித்து முடித்துக் கைப்பையும் தோளுமாக வந்து நின்று, காரைக்குடியில் சாப்பிட்டுக்கொள்கிறோம், நேரமாகிறது என்று சொல்லிவிட்டாள். தட்டின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு வாய் தின்னுட்டுப் போகலாமேத்தா" என்றாள் துர்கா.

"வேணாம் சித்தி. உங்களுக்கு எதுக்கு சிரமம்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். இந்த மரியாதைதான் துர்காவைக் கொன்றது.

சந்திரலேகாவைப் பெற்றவள் பொன்னழகு, துர்காவின் கூடப்பிறந்த அக்கா. பிள்ளைக்கு ஆறு வயதிருக்கும்போது காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அந்நியப் பெண் ஒருத்தி வந்தால் பிள்ளையைப் படுத்திவிடுவாள் என்று பயந்து, பத்தொன்பது வயதுத் துர்காவை அதே மாப்பிள்ளை பெரியகருப்பனுக்குக் கட்டிவைத்தார்கள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கென்று தனிச் சீரும் கிடையாது. அக்காளுக்குக் கொடுத்ததெல்லாம் அந்த வீட்டில்தானே கிடக்கிறது, அதுதான் உனக்கும் என்று நாச்சியாபுரத்து அப்பா கையை விரித்துவிட்டார். ஒரு தகரப் பெட்டியில் நாலு சேலையை வைத்துக்கொண்டு துர்கா புதுவயலுக்கு வந்து சேர்ந்தாள். அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அக்கா மகளே மகள் என்று இருந்துவிட்டாள்.

அக்கா சீரில் பெரியது ஒரு பர்மா தேக்கு பீரோ. கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்தது. அந்தப் பீரோவைப் பற்றித்தான் சித்திக்கும் மகளுக்கும் நடுவே இத்தனை வருஷத்து மனத்தாங்கல். அம்மா பீரோவின் சாவி சித்தி இடுப்பில் தொங்குவதைப் பார்த்தே சந்திரலேகா வளர்ந்தாள். விடுதியில் தங்கிப் படித்துவிட்டு லீவுக்கு வரும்போதெல்லாம் அவள் கண் முதலில் அந்தச் சாவிக்குத்தான் போகும். ஆனால் ஒருநாளும் திறந்து காட்டு என்று கேட்டதில்லை. ரோஷக்காரி. துர்கா அந்தப் பீரோவில் ஒரு கைக்குட்டைகூட வைத்ததில்லை என்பது சந்திரலேகாவுக்குத் தெரியாது. துர்காவும் சொன்னதில்லை. கேட்காதவளிடம் போய் எதைச் சொல்வது?

இப்போது சந்திரலேகாவும் அவள் புருஷன் சிவபிரகாஷும் கோயம்புத்தூரை விட்டுவிட்டுக் காரைக்குடியில் வீடு கட்டி முடித்திருக்கிறார்கள். ஆவணியில் பால் காய்ச்சவேண்டும். வீட்டுக்குப் புதுசாக எதுவும் வாங்கப்போவதில்லை, பெரிய வீடுகளிலிருந்து கடைக்கு வந்த பழைய மரச்சாமான்களாகப் பார்த்து வாங்கவேண்டும் என்று இருவருக்கும் ஆசை. தேக்கைப் பற்றி நமக்கு என்ன தெரியும், அத்தையும் மாமாவும் வரட்டும் என்று சிவபிரகாஷ்தான் பிடிவாதமாக இவர்களைக் காரில் ஏற்றினான்.

பெரியகருப்பன் முன்சீட்டில் உட்கார்ந்தார். அரிசி மில்லில் ஆயுசு முழுக்கக் கணக்குப் பார்த்த மனுஷர். வெளியே நாலு பேரோடு நன்றாகப் பேசுவார், வீட்டுக்குள் வந்தால் வாயில் கொழுக்கட்டைதான். துர்கா பின்சீட்டின் ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டாள். 

காரைக்குடியில் பழைய மரச்சாமான் கடைக்காரர் அன்வர் சாதிக் நல்ல பேச்சுக்காரர். உள்ளே நுழைந்தால் திரும்ப இடமில்லாமல் பீரோக்களும் பெட்டகங்களும் அலமாரிகளும் கூரைவரை அடுக்கியிருந்தன. சந்திரலேகாவுக்கு முகமே மாறிவிட்டது. ஒவ்வொன்றாக இழுப்பறையை இழுத்துப் பார்த்தாள். சமையலறைக்குக் கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி ஒன்று எடுத்தாள். நடுவில் உருண்டைக் கண்ணாடியும் இரண்டு பக்கமும் குட்டி இழுப்பறைகளுமாக ஒரு அலங்கார மேசை அவளை அங்கேயே நிறுத்திவிட்டது. சிவபிரகாஷ் கண்ணாடியில் புள்ளி விழுந்திருக்கிறதே என்றான். புள்ளி இருந்தால்தான் பழசு என்றாள். துர்கா மெல்லக் குனிந்து மேசையின் பின்பலகையைத் தடவிப் பார்த்து, இது தேக்கில்லை, பின்னால் பலா வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்றாள். அன்வர் சாதிக் சிரித்துக்கொண்டே ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். சந்திரலேகா சிரிக்கவில்லை. பலாவாகவே இருக்கட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது என்று அதையே எடுத்துவைக்கச் சொன்னாள்.

பிறகு அன்வர் சாதிக் துணி பீரோ பக்கம் கூட்டிப்போனார். பீரோ வேண்டாம் என்றாள் சந்திரலேகா. அம்மா பீரோ புதுவயலில் இருக்கிறது, இன்றைக்கே இந்தச் சாமான்களோடு அதையும் ஏற்றிக் கொண்டுபோகவேண்டும், வண்டியும் இரண்டு ஆளும் தரமுடியுமா என்று கேட்டாள். துர்காவிடம் அதுவரை யாரும் சொல்லவில்லை. அவள் புருஷனைப் பார்த்தாள். பெரியகருப்பன் மேலே தொங்கிய சரவிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

சிவபிரகாஷுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அப்படியானால் அத்தைக்கு இங்கேயே ஒரு நல்ல பீரோ பார்ப்போம், பழக்கப்பட்ட பொருளைத் தூக்கிக்கொண்டு போகிறோம், அவர்களுக்கு வேண்டாமா என்றான். அன்வர் சாதிக் உடனே துர்காவிடம் எத்தனை தட்டு வேண்டும், எவ்வளவு சேலை வைப்பீர்கள் என்று விசாரித்தார்.

துர்காவுக்குப் பதில் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. "எங்கிட்ட இருக்கிறது ஒரு பெட்டிதான் தம்பி. அது போதும்" என்றாள்.

அவ்வளவுதான். சந்திரலேகாவுக்கு அத்தனை வருஷமும் ஒன்றாகப் பொங்கிவிட்டது.

"எங்க அம்மா பீரோவ முப்பது வருசமா ஆண்டுட்டு, இங்க வந்து ஒரு பெட்டிதான் இருக்குன்னு சொல்றீகளே சித்தி... இவரு காதுல விழணும்னா? கடைக்காரவுகளுக்குக் கேக்கணும்னா? நாந்தான் உங்கள நடுத்தெருவுல நிறுத்துறேன்னு நெனைக்கணும், அதானே?"

அன்வர் சாதிக் நாகரிகமாக வேறுபக்கம் நகர்ந்துவிட்டார்.  துர்கா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தாள். அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. கடைசியில் இந்தப் பிள்ளை என்னைத் திருடி என்றல்லவா நினைத்திருக்கிறது என்று வழியெல்லாம் அதுவே மனசுக்குள் ஓடியது.

வண்டியும் ஆட்களும் இவர்கள் பின்னாலேயே வந்துவிட்டார்கள். கூடத்தின் உள்ளறையில் பீரோ நின்றது. ஆட்கள் வாசலில் காத்திருக்க, எடுக்கவேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் சித்தி என்று சந்திரலேகா எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எடுக்க எனக்கு ஒண்ணும் இல்லத்தா. நீயே தெற" என்று துர்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

பூட்டு அசையவில்லை. சிவபிரகாஷ் தேங்காயெண்ணெய் விட்டு, சாவியைத் துணியில் சுற்றித் திருகிப் பார்த்தான். தினமும் திறக்கிற பீரோ இப்படியா இறுகியிருக்கும் என்று அவன் தனக்குள் கேட்டுக்கொண்டது சந்திரலேகா காதிலும் விழுந்தது. கடைசியில் கதவு முனகிக்கொண்டு திறந்தது.

உள்ளே எல்லாம் அப்படியே இருந்தது. பொன்னழகு சாகிறதற்கு முன்பு என்றோ அடுக்கிவைத்த சேலைகள். தட்டில் விரித்த செய்தித்தாள் மஞ்சளாகிப் பொடிந்திருந்தது. ஒரு சீப்பு, அதில் நாலைந்து நீளமுடி. ஒரு கை மட்டும் தைத்து, இன்னொரு கை தைக்காமல் ஊசியோடு மடித்துவைத்த பிள்ளைச் சட்டை ஒன்று. சந்திரலேகா வாயைப் பொத்திக்கொண்டாள். மேலே இருந்த அரக்குப் பட்டை எடுத்தாள். அம்மாவின் முகூர்த்தப் பட்டு. போட்டோவில் மட்டும் பார்த்திருக்கிறாள். விரித்தபோது பட்டு மடிப்புக்கு மடிப்பு விட்டுக்கொண்டு, பட்டை பட்டையாக அவள் கையிலேயே பிரிந்து விழுந்தது. அடுத்ததை எடுத்தாள். அதுவும் அப்படித்தான்.

"ஒரு நாளாவது வெளிய எடுத்து மாத்தி மடிச்சிருக்கக் கூடாதா சித்தி? நீங்களும் கட்டல, எனக்கும் குடுக்கல... எல்லாம் மக்கிப் போச்சே. எங்க அம்மான்னு இருந்தது இது ஒண்ணுதானே!"

துர்கா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பது வருஷமாக அவள் வாயிலிருந்து வராத சொல் அப்போது வந்தது. சத்தமே இல்லாமல் வந்தது.

"நீதானத்தா தொடக்கூடாதுன்னு சொன்ன."

சந்திரலேகா புரியாமல் பார்த்தாள்.

"நான் இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கு. என் பெட்டியத் தூக்கிக்கிட்டு இந்த அறைக்குள்ள வந்தேன். நீ பீரோ முன்னாடி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்ன. இது எங்க அம்மா பீரோ, நீ தொடவே கூடாது, அம்மா வந்து கேப்பாகன்னு சொன்ன. தொட மாட்டேன்னு உன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினேன். அதுக்கப்புறந்தான் நீ எங்கையால சோறு தின்ன."

"எனக்கு... எனக்கு ஞாபகமே இல்லையே."

"ஆறு வயசுப் புள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும்? எனக்கு இருந்துச்சு. உன் தலையில அடிச்சுக் குடுத்த சத்தியம். உனக்கு ஒண்ணுன்னா நான் எங்க போவேன்?"

பட்டை மாற்றி மடிக்காவிட்டால் விட்டுப்போகும் என்று துர்காவுக்குத் தெரியாதா? ஒவ்வொரு கோடையிலும் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு பீரோ முன்னால் நின்றிருக்கிறாள். பெரியகருப்பனின் அக்காள் அனுசுயா, அந்த முகூர்த்தப் பட்டைத் தன் மகள் கல்யாணத்துக்குக் கேட்டு வந்து நின்றாள். துர்கா சாவியைத் தரவில்லை. சீர் இல்லாமல் வந்தவள் அக்காள் சீரை அமுக்கிக்கொண்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அந்தம்மாள் ஓய்ந்தாள். அதற்குப் பிறகு ஒரு மடிப்பு மாறியிருந்தாலும் இவள் கட்டிப் பார்த்தாள் என்றுதானே பேச்சு வரும்? உள்ளது உள்ளபடி இருந்தால்தான் பிள்ளையிடம் ஒருநாள் ஒப்படைக்கமுடியும் என்று நினைத்தாள். சந்திரலேகா கல்யாணத்தின்போது பீரோவை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று புருஷனிடம் சொல்லியனுப்பினாள். அவர் போய், உன் சித்தி பீரோவைக் காலி பண்ணச் சொல்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தார். அங்குட்டே கிடக்கட்டும் என்று பதில் வந்தது.

"அப்பா, இதெல்லாம் நெசமா?" என்று சந்திரலேகா திரும்பினாள்.

பெரியகருப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "நெசந்தாம்மா. நான் அங்கதான் நின்னேன். சின்னப்புள்ள பேச்சுன்னு சிரிச்சேன். அவ சிரிக்கல."

"அப்பயே சொல்லியிருக்கலாமேப்பா... ஒரே ஒரு வார்த்தை..."  சந்திரலேகா நேரே போய்த் துர்காவின் காலடியில் உட்கார்ந்து, அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பீரோ இங்கேயே இருக்கட்டும், இனி உன் சேலையைத்தான் இதில் வைக்கவேண்டும், நானே அடுக்கித் தருகிறேன் என்று அழுகைக்கு நடுவே சொன்னாள்.

துர்கா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். "வேணாம்த்தா. நீ எடுத்துக்கிட்டுப் போ. அது உனக்குள்ளதுதான். எனக்கு அதுல வைக்க என்ன இருக்கு?" என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள். அதுதான் கேட்கமுடியாமல் இருந்தது.

பிறகு கீழே விழுந்து கிடந்த பட்டைக் கூட்டி அள்ளக் குனிந்தாள். அள்ளியவள் நிமிரவில்லை.

அந்தப் பட்டை அவள் கடைசியாகத் தொட்டது அக்கா கல்யாணத்தன்று. அதே பீரோ அப்போது நாச்சியாபுரத்து வீட்டில் நின்றது. அதன் கண்ணாடி முன்னால் அக்காவுக்குக் கொசுவம் பிடித்துவிட்டவள் துர்காதான். அக்கா செத்தபோது இவளால் வாய்விட்டு அழமுடியவில்லை. முதலில் பிள்ளை பயந்துபோகும் என்றார்கள். பிறகு, கல்யாணப் பெண் அழக்கூடாது என்றார்கள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அழுதால், மூத்தவளை நினைத்து அழுகிறாளா, வாழ்க்கை பிடிக்காமல் அழுகிறாளா என்று கேட்பார்களே. தாய் இல்லாத பிள்ளை என்று சந்திரலேகாவைத் தூக்காத கை இல்லை. பெண்டாட்டியை இழந்தவன் என்று பெரியகருப்பனுக்கு ஊரே ஆறுதல் சொன்னது. அக்காவை இழந்தவள் ஒருத்தி அந்த வீட்டில் இருக்கிறாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அக்கா..." என்று ஆரம்பித்தாள் துர்கா. "உன் சேலைய என்னால காப்பாத்த முடியலையே அக்கா..."

கிழிந்த பட்டை முகத்தில் அமுக்கிக்கொண்டு தரையில் சரிந்தாள். அந்த வயதுக்கு அப்படி ஒரு அழுகை வரும் என்று யாரும் நினைக்கவில்லை. பத்தொன்பது வயதில் அழவேண்டியதல்லவா அது? சிவபிரகாஷ் பதறிக்கொண்டு தண்ணீர் எடுக்க ஓடினான். பெரியகருப்பன் வாசலுக்குப் போய், இன்றைக்கு ஒன்றும் ஏற்றவேண்டாம், மற்றச் சாமானை மட்டும் கொண்டுபோய் இறக்குங்கள் என்று ஆட்களை அனுப்பிவிட்டு, உள்ளே வரத் தைரியமில்லாமல் அங்கேயே நின்றார்.

சந்திரலேகா தரையில் உட்கார்ந்து சித்தியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். போதும் என்று சொல்லவில்லை, கண்ணைத் துடைத்துவிடவும் இல்லை.

"அழு சித்தி" என்றாள். "உங்க அக்காவுக்கு நீ அழு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. நான் இருக்கேன்."