மாமன் சீர் வாங்கிய வண்டி தேரிக்குள் போனது

“வண்டிய எடுக்கியா, இல்ல நான் நடந்தே போவட்டா?”

விடிந்தும் விடியாமலும் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டாள் முத்துக்கனி. இடுப்பில் ஒரு குடம் தண்ணீர், கையில் ஒரு குடம் தண்ணீர். அழுது முடித்து, இனி அழத் தெம்பில்லாத முகம். அவள் புருஷன் தவசிமுத்து முந்தின நாள் காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு தேரிக்குள் போனவன். திரும்பவில்லை. போனும் அடிக்கவில்லை.

தேரி என்றால் செம்மணல் காடு. ஊருக்கும் கடலுக்கும் நடுவே மேடு மேடாகக் கிடக்கிறது. ஆடிக் காற்றில் இன்றைக்கு இருக்கும் மேடு நாளைக்கு இருக்காது. வளர்ந்த பனைமரமே கழுத்துவரை புதைந்து நிற்கிற இடத்தில் மொபெட் தடம் எவ்வளவு நேரம் நிற்கும்?

அவன் எதற்குப் போனான் என்பது செம்மணல்விளையில் எல்லோருக்கும் தெரியும். கேட்டால் மட்டும் யாருக்கும் தெரியாது. மணல் மூடிய பழைய ஊர் ஒன்று தேரிக்குள் இருக்கிறதாம். அங்கே ஒரு வியாபாரி செம்புப் பானை நிறையக் காசைப் புதைத்துவிட்டு, எடுக்க வராமலே செத்துப்போனானாம். கல்யாணமான நாளிலிருந்து தவசிமுத்துவுக்கு இதே நினைப்பு. காற்று பலமாக அடித்து ஓய்ந்தால் போதும், மண்வெட்டியோடு கிளம்பிவிடுவான். மற்ற நாட்களில் சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பி, “இன்னும் கொஞ்சம் தோண்டியிருந்தா கெடைச்சிருக்கும்” என்பான். இந்த முறை திரும்பவே இல்லை.

“ரெண்டு பாட்டில் தண்ணிதான் கொண்டு போயிருக்காவ. நேத்து மத்தியானமே தீந்திருக்கும். இன்னிக்கு உச்சி வெயிலுக்குள்ள கண்டுபிடிக்கலேன்னா...” முத்துக்கனி முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை.

ஊர் ஆண்கள் பைக் போக முடிந்த மேற்குப் பக்கம் தேடப் போயிருந்தார்கள். மொபெட் கடைசியாக இறங்கியதோ கிழக்குப் பக்கம். அங்கே ராத்திரிக் காற்று குவித்த புது மணலில் இப்போது பைக் போகாது, நடந்தால் உச்சிவெயில் முந்திக்கொள்ளும். போகக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது அண்ணன் சுயம்புவின் கொட்டகையில், நெற்றியில் சந்தனமும் கழுத்தில் மாலையுமாக நின்றது.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுயம்பு முருங்கைக்காய் வியாபாரி. தேரி ஓரத்துத் தோட்டங்களிலிருந்து காய் ஏற்றுவதற்கு, நான்கு சக்கரமும் இழுக்கிற பெரிய பிக்கப் வாங்குவதென்று முடிவெடுத்தான். நல்ல முடிவுதான். ஆனால் கம்பெனிக்காரன் கூடவே ஒரு கேள்வியையும் அனுப்பி வைத்தான். ஒரே விலையில் இரண்டு விதமாக வண்டி தருவானாம். ஒன்றில், முன்னால் இழுவைக் கயிறு சுற்றும் வின்ச், ஒரு சக்கரம் சும்மா சுற்றினால் இன்னொன்றையும் சேர்த்துப் பூட்டும் டிஃப் லாக், டயருக்குக் காற்றடிக்கச் சின்ன கம்ப்ரசர். இன்னொன்றில் தோல் சீட், அகலத் திரை, வெள்ளத்தில் போனாலும் இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறாதபடி கூரை வரை நீளும் மூச்சுக்குழல்.

முத்துக்கனி முதலாவதை எடுக்கச் சொன்னாள். சொந்தக்காரர்கள் கூடிப் பேசி இரண்டாவதை எடுத்தார்கள். மழை எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்கிற ஊரில், வெள்ளத்துக்கு மூச்சுக்குழல்!

அத்தோடு விட்டார்களா? குடும்பத்தின் முதல் பெரிய வண்டி, ஆகவே பெரிய பெண்ணுக்குச் செய்வது மாதிரி சீர் செய்தார்கள். சித்தி வீட்டுச் சீர் கூரைக் கேரியர். மச்சினன் வீட்டுச் சீர் ஏறும் படி. தாய்மாமன் சிவனைந்தபெருமாள் சும்மா இருப்பாரா? இரண்டு ஆள் தூக்கினாலும் அசையாத இரும்பில் பளபளவென்று ஒரு முன்தடுப்பு அடித்துக் கொண்டுவந்து, மேளம் வைத்து மாட்டினார். அது சட்டத்துக்கு ஆகாது, போலீஸ்காரர் பார்த்தால் அந்த இடத்திலேயே கழற்றச் சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும். மாமனிடம் யார் சொல்வது?

“எடுக்கேன் தாயி, ஏறு” என்றான் சுயம்பு. மாலையைக் கழற்றக்கூட நிற்கவில்லை.

“நில்லுல! மொத ஓட்டம். மாமன் இல்லாமலா?” பெருமாள் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். சீட்டின் பிளாஸ்டிக் உறை சரக்கென்றது. அதை யாரும் கிழிக்கக்கூடாது என்பது அவர் உத்தரவு.

கிளம்பினார்கள்!

தோட்ட வேலி தாண்டியதும் மணல் ஆரம்பித்தது. முதல் மேட்டை வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. இரண்டாவதையும் ஏறியது. “பாத்தியா, என்னா இழுவை!” என்று மாமா சீட்டைத் தட்டினார். மூன்றாவது மேட்டின் பாதியில் இன்ஜின் கத்தியது, சக்கரம் சுற்றியது, வண்டி மட்டும் நகரவில்லை. நகர்ந்தது என்றால் கீழ்நோக்கித்தான்.

இறங்கினார்கள். கையால் மணலை வாரினார்கள். வரும்போது தோட்ட வேலியில் ஒடித்து ஏற்றிய முருங்கைக் கொப்பைச் சக்கரத்துக்கு அடியில் போட்டார்கள். சுயம்பு முடுக்கினான். கொப்பு பொடியாகிப் பின்னால் நின்ற மாமாவின் முகத்தில் அடித்தது. மறுபடி வாரினார்கள். மறுபடி முடுக்கினான். மறுபடி புதைந்தது. சூரியன் மட்டும் சிக்காமல் ஏறிக்கொண்டிருந்தது.

“வின்ச் இருந்திருந்தா...” சுயம்பு மூச்சு வாங்கினான்.

“இருந்தா? கயித்த எதுல கட்டுவ?” முத்துக்கனி சுற்றிலும் கையைக் காட்டினாள். கண்ணுக்கு எட்டியவரை மணல். ஒரே ஒரு முள் உடைமரம், அதுவும் அவள் இடுப்பு உயரம். “நானும்லா வின்ச்சு வின்ச்சுன்னு ஒத்தக்கால்ல நின்னேன்.”

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க எச்சில் வேண்டும்.

அவள் குனிந்து டயரை ஒரு குத்து குத்தினாள். கல் மாதிரி இருந்தது. “அண்ணே, காய் ஏத்துற மாட்டு வண்டிக்கே மணலுக்கு அகலச் சக்கரந்தான் போடுதான். இது என்னடான்னா பந்து மாதிரி ஊதிக்கிட்டு நிக்கி. காத்த எறக்கு. டயரு பரந்து ஒக்காரும்.”

“எட்டி, வாய மூடு!” மாமா பாய்ந்து வந்தார். “பூசை போட்ட வண்டி. மண்டலம் முடியுற வரைக்கும் காத்தப் புடுங்கப்பிடாது. காத்துங்கது வண்டிக்கு உசுரு. எங்க அண்ணாச்சி லாரிக்கு இப்படித்தான் ஒருத்தன் புடுங்கினான். அந்த வாரமே கவுந்துது.”

“மாமா, அந்த டிரைவரு குடிச்சிருந்தாராம்லா?”

“குடிச்சா என்னட்டி? தெனமுந்தான் குடிப்பான். அன்னிக்கு ஏன் கவுந்துது?”

சுயம்பு மாமாவைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், மறுபடி மணலை வாரக் குனிந்தான். தாய்மாமன் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாத பிள்ளை.

“அப்ப அந்த முன்தடுப்பையாவது கழட்டுங்க. பாரம் பூரா மூக்குலதான் இருக்கு.”

“மாமன் சீரக் கழட்டவா? நான் செத்த பொறவு கழட்டு!”

முத்துக்கனி திரும்பினாள். உடைமரத்திடம் போனாள். விரல் நீளத்துக்கு வெள்ளை முள் ஒன்றை ஒடித்தாள். வந்து முன்சக்கரத்தருகே உட்கார்ந்தாள். வால்வு மூடியைத் திருகி மடியில் போட்டுக்கொண்டு, முள் நுனியை உள்ளே வைத்து அழுத்தினாள்.

உஸ்ஸ்ஸ்!

“ஐயோ!” என்று மாமா தன் நெஞ்சையே பிடித்துக்கொண்டார்.

“வண்டி உசுரு அப்புறம் ஊதிக்கிடலாம் மாமா. எங்க வீட்டுக்காரரு உசுர யாரு ஊதித் தருவா?”

மாமா முகத்தைத் திருப்பிக் கொண்டு குலசாமி பெயரை முணுமுணுத்தார். அவள் ஒவ்வொரு சக்கரமாகப் போனாள். டயர்கள் களைத்துப்போன ஆளைப்போல் தொப்பென்று பரந்து உட்கார்ந்தன. பார்க்கவே பாவமாக இருந்தது. சுயம்பு சாமியைக் கும்பிட்டானோ தங்கையைக் கும்பிட்டானோ, கும்பிட்டுவிட்டுக் கியரைப் போட்டான்.

வண்டி ஒரு முறை நடுங்கியது. பிறகு, நத்தை நகர்வது மாதிரி மெல்ல மேலேறியது!

அப்புறமும் சுகமில்லை. மேடு, பள்ளம், மறுபடி மேடு. ஒவ்வொரு மேட்டு உச்சியிலும் முத்துக்கனி இறங்கிக் கூப்பிட்டாள். தொண்டை கட்டிய பிறகு தண்ணீர்க் குடத்தைத் தட்டினாள். தோல் சீட்டு சுட்டது. அகலத் திரை வெயிலில் சூடேறி, தன்னைச் சற்று ஆறவிடும்படி எழுதிக் காட்டிவிட்டு அணைந்தது. மூச்சுக்குழல் மட்டும் வராத வெள்ளத்துக்காக ஜம்மென்று நிமிர்ந்து நின்றது.

நிழல் காலடிக்குள் சுருங்கத் தொடங்கிய நேரத்தில் அவள்தான் கண்டாள். கழுத்துவரை புதைந்த ஒரு பனை. அதன் மட்டையில் நீலக் கட்டம் போட்ட சாரம் கட்டிப் பறந்தது. அவள் துவைத்துத் துவைத்து வெளுத்த, புருஷன் கட்டும் லுங்கி.

“அண்ணே, அங்க! அங்க!”

வண்டி நிற்பதற்குள் குதித்தாள். விழுந்தாள். எழுந்து ஓடினாள்.

பனையடி நிழலில் தவசிமுத்து அரைக்கால் சட்டையோடு கிடந்தான். உதடு வெடித்திருந்தது. கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. மொபெட் சறுக்கிக் காலில் விழுந்ததாம். முத்துக்கனி அவன் தலையை மடியில் வைத்து, முந்தானையை நனைத்து உதட்டில் பிழிந்தாள். ஒரு வாய், இன்னொரு வாய். அவன் கண்ணைத் திறந்தான். மனைவியைப் பார்த்தான். முதல் வார்த்தையாக என்ன சொன்னான் தெரியுமா?

“கெடைச்சிட்டு முத்து!”

பக்கத்தில் மணலைத் தோண்டியிருந்தான். குழிக்குள் செம்புப் பாத்திரம் ஒன்றின் விளிம்பு, பச்சை பிடித்து, ஒரு ஆள் கட்டிப்பிடிக்கும் அகலத்துக்குத் தெரிந்தது.

“அத ஏத்தாம நான் வர மாட்டேன்” என்றான், உயிர் பாதி திரும்பிய தவசிமுத்து.

முத்துக்கனி அவன் தலையை மடியிலிருந்து இறக்கி மணலில் வைத்தாள். கொஞ்சம் வேகமாகத்தான் வைத்தாள். “தண்ணி உள்ள போனதும் பேச்சப் பாரு! அந்தப் பாரத்த வச்சா வண்டி நகராது. உம்ம கால் கெடக்குற கெடையில உம்மள ஆஸ்பத்திரிக்கு எப்பக் கொண்டு போவேன்? அதா, நீரா, சொல்லும்!”

“ரெண்டும்” என்றான்.

இதற்குள் மாமா எங்கே? வண்டியின் முன்னால். கையில் ஸ்பேனர்.

“என்ன மாமா செய்யுதிய?” சுயம்பு வாயைப் பிளந்தான்.

“பாரத்தக் கொறைக்கேன். அந்த அண்டா ஏறணும்லா? மாமன் சீருன்னா நல்ல காரியத்துக்கு விட்டுக் குடுக்க வேண்டியதுதான்.” மூச்சிரைக்க மரையைத் திருகினார். மருமகளின் புருஷனுக்காகக் கழற்ற முடியாத முன்தடுப்பு, செம்பு அண்டாவுக்காகத் தொப்பென்று மணலில் விழுந்தது. முத்துக்கனி பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பிறகு மாமா அன்று முழுவதும் உத்தரவு எதுவும் போடவில்லை.

சரி, வந்தது வந்தாகிவிட்டது என்று சுயம்பும் மாமாவும் குழியில் இறங்கினார்கள். விளிம்பைப் பிடித்தார்கள். “ஏலேலோ!” என்று இழுத்தார்கள். வந்தது! நினைத்ததைவிடச் சுலபமாக, இருவரும் மல்லாந்து விழும்படி வந்தது. ஏனென்றால் விளிம்புக்குக் கீழே ஒரு சாண் தகடு, அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. பதநீர் காய்ச்சிக் காய்ச்சி அடி தேய்ந்துபோன அண்டா. யாரோ வேண்டாமென்று எறிந்த வளையம். ஆள் ஒருவன் இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் பார்க்கலாம். மாமா பார்த்தார். அந்தப் பக்கமும் மணல்தான் தெரிந்தது.

தவசிமுத்து கண்ணை மூடிக்கொண்டான். “இன்னும் கொஞ்சம் தோண்டினா...” என்று ஆரம்பித்தவன், மனைவியின் மூச்சுச் சத்தம் கேட்டு அத்தோடு நிறுத்திக்கொண்டான்.

அவனைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். வெறும் உடம்பு பிளாஸ்டிக் உறையில் ஒட்டிக்கொண்டு, அசைந்தாலே தோல் உரிந்தது. முத்துக்கனி பல்லால் கடித்து உறையைக் கிழித்து வெளியே எறிந்தாள். முன்தடுப்பை மறுபடி மாட்டுவதா என்று சுயம்பு மாமாவைக் கண்ணால் கேட்டான். கேட்ட ஆளுக்கும் மாட்டத் தெம்பில்லை, கேட்கப்பட்ட ஆளுக்கும் இல்லை. விட்டுவிட்டு வந்தார்கள்.

மணலைத் தாண்டித் தார் ரோட்டுக்கு வந்தபோதுதான் அடுத்த கஷ்டம். டயரில் காற்றில்லை. வேகமாகப் போனால் டயர் கழன்றுவிடும். காற்றடிக்கக் கம்ப்ரசர் கிடையாது. அது வேண்டாமென்று விட்ட வண்டியில் இருக்கிறது. ஊர்வலத் தேர் மாதிரி ஊர்ந்தார்கள். ஆட்டு மந்தை ஒன்று அவர்களை முந்திக்கொண்டு போனது. கடைசி ஆடு திரும்பிப் பார்த்ததாகச் சுயம்பு இன்றைக்கும் சொல்கிறான்.

செம்மணல்விளை முக்கில் ஊரே நின்றது. மாலை வாடி, மூக்கு பறிபோய், நான்கு டயரும் சப்பிப்போய், செம்மண் குளித்து வந்த புது வண்டியைப் பார்த்து முதலில் தலையில் கை வைத்தார்கள். பின்சீட்டில் தவசிமுத்து கையை ஆட்டியதும், கூட்டம் ‘ஓ’வென்று கத்தியது. விசிலடித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவை ஒருவன் கிளப்பினான். பெண்கள் முத்துக்கனியைக் கட்டிக்கொண்டார்கள்.

எந்த வசதியை வாங்கலாம், எதை விடலாம் என்று கடையில் உட்கார்ந்து எத்தனை வேண்டுமானாலும் பேசலாம். எங்கே போகப் போகிறோம் என்பதை மட்டும் முதலில் பேசிவிட்டால் கொஞ்சம் கஷ்டம் குறையும். இதை இப்போது ஊரில் ஆளாளுக்கு முன்பே தெரிந்ததுபோல் சொல்கிறார்கள்.

கூட்டத்தில் மாவு மில் செண்பகம்தான் ஆவலை அடக்க முடியாமல் ஜன்னலுக்குள் தலையை விட்டாள். “ஏ முத்து, போனதுக்கு என்னட்டி கெடைச்சுது? எங்கிட்ட மட்டும் சொல்லு, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

முத்துக்கனி புருஷனின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

“இதா, இதுதான்க்கா கெடைச்சுது. கூடுதல் வசதி ஒண்ணும் கெடையாது. மாத்தியும் தர மாட்டாங்களாம். இருக்கட்டும், ஆட்டோவ பக்கத்துல கொண்டாரச் சொல்லு.”