சிறுமலையில் மேகம் எத்தனை மணிக்கு வரும்?

ரோஸ்மேரி அத்தை ஓட்டிய விமானம் இரண்டு முறை பாதியில் திரும்பிவிட்டது. இரண்டு முறையும் அதில் உட்கார்ந்திருந்தவர் அன்புக்கரசியின் அப்பா பிராங்க்ளின்.

அப்பா நிலக்கோட்டைப் பூச்சந்தையிலிருந்து மல்லிகை ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறார். கொடைக்கானல் மலைப்பாதையில் விசிலடித்துக்கொண்டே வண்டியைத் திருப்புவார். ஆனால் கால் தரையை விட்டுக் கிளம்பினால் மட்டும் அவருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறார். ஐந்து வருடம் விடாமல் பயிற்சி எடுத்து, போன மாதம்தான் விமானி உரிமம் வாங்கினார். விமானம் நாலு பேர் உட்காரும் சின்ன விமானம். திண்டுக்கல்லுக்குத் தெற்கே இருக்கும் பறக்கும் மன்றத்துக்குச் சொந்தமானது.

"நான் மொதல்ல கூட்டிட்டுப் போற ஆளு எங்கண்ணன்தான்" என்று அத்தை சொல்லிவிட்டார். பிறந்த ஊரான வடமதுரையை மேலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவது திட்டம். வழியில் சிறுமலை நிற்கிறது.

முதல் முறை ஆடிக்காற்று குறுக்கே தள்ளியது. ஏறிய ஐந்தாவது நிமிடத்திலேயே இறங்கினார்கள். இரண்டாம் முறை, சிறுமலை மேல் மேகம் கம்பளிபோல் கவிந்திருந்தது. அத்தை கொஞ்சமும் யோசிக்காமல் விமானத்தைத் திருப்பிவிட்டார். இத்தனைக்கும் அத்தையின் கைப்பேசிச் செயலி அந்த இரண்டு நாளும் வெயில் படம்தான் காட்டியது.

இரண்டாம் முறை திரும்பிய அன்று மதியம் அப்பா சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "இன்னும் ஒரு தடவை வாரேன் ரோஸு. அதுவும் பாதியில திரும்புச்சுன்னா அப்புறம் நான் ஏற மாட்டேன். நீயும் இந்தப் பறக்குற வேலைய விட்ரணும்."

அத்தை சரியென்று தலையசைத்தார். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தைத் தொடவே இல்லை.

ஆறாம் வகுப்பு படிக்கும் அன்புக்கரசிக்கு அத்தையின் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சாப்பிட்டதும் அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அத்த, மேல இருக்கும்போது நீங்க திரும்பினது சரிதான?"

"அது சரிதான்டி. கெளம்புனதுதான் தப்பு. இந்த ஆப் சொன்னத நம்பிட்டேன்."

"வேற ஆப் இல்லையா?"

"இருக்கு. எந்த வழியா போகணும், எம்புட்டு பெட்ரோல் வேணும், காத்து எப்படி, எல்லாம் சொல்ற ஆப் மூணு இருக்கு. எத எடுக்குறதுன்னுதான் தெரியல."

கைப்பேசியில் மூன்றையும் திறந்து காட்டினார். முதலாவதில் வண்ண வண்ணப் படங்கள் சுழன்றன. மன்றத்து விமானி பாண்டியராஜ் சிபாரிசு செய்தது அதைத்தான். அன்புக்கரசி அதற்கு 'மயில்' என்று பேர் வைத்தாள். இரண்டாவது ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் புதுத் தகவல் தந்தது. அது 'தூங்குமூஞ்சி'. மூன்றாவதில் படமே கிடையாது, வரிசை வரிசையாக எண்கள். அது 'கணக்கு சார்'.

"மூணும் மூணு மாதிரி சொல்லுதே, அத்த."

"அதான் கொழப்பம்."

அன்புக்கரசி மூன்றையும் மறுபடி தட்டிப் பார்த்தாள். "எது சரின்னு சிறுமலையையே கேட்டுப் பார்ப்போம்" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் ஒரு நோட்டோடு மொட்டை மாடிக்குப் போனாள். அம்மாவின் கைப்பேசியில் மூன்று செயலிகளையும் அத்தை இறக்கித் தந்திருந்தார். அன்றைக்கு அவை சொல்வதை முதலில் எழுதிக்கொண்டாள். பிறகு கொடியில் காயும் துண்டு எந்தப் பக்கம் எவ்வளவு பறக்கிறது என்று பார்த்தாள். சிறுமலை உச்சி தெரிகிறதா என்று பார்த்தாள். பள்ளிக்கூடம் கிளம்பும் முன் இன்னொரு தடவை, சாயங்காலம் வந்து இன்னொரு தடவை. பள்ளி நாட்களில் ஒன்பது மணிக்கு மேல் மலையைப் பார்த்துச் சொல்ல அம்மாவை நியமித்தாள்.

"ஒன்பதரைக்கு மேகம். துண்டு பறந்து பக்கத்து வீட்ல விழுந்துருச்சு, அதையும் எழுதிக்க" என்றார் அம்மா.

பன்னிரண்டு நாள் இப்படியே போனது.

சனிக்கிழமை அத்தையோடு பறக்கும் மன்றத்துக்குப் போனாள். பாண்டியராஜ் அங்கே இருந்தார். நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"நீ எழுதுனதா, பாப்பா?"

"ஆமா அங்கிள். மலை மேகத்த மயில் நாலு நாள்தான் சரியா சொல்லிருக்கு. தூங்குமூஞ்சி அஞ்சு. கணக்கு சார் பத்து."

"மயிலா?"

அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். பாண்டியராஜ் தாடையைச் சொறிந்தார். "ஆனா நம்ம ஆப்ல படம் எம்புட்டுத் தெளிவா இருக்கு. இதுல வெறும் நம்பருதான இருக்கு?"

"படம் நல்லாத்தான் இருக்கு அங்கிள். ஆனா அது திண்டுக்கல் மாவட்டம் முழுசுக்கும் ஒரே வெயில காட்டுது. கணக்கு சார்தான் மலைக்குத் தனியா, ஊருக்குத் தனியா சொல்றாரு. அதுவும் மணிக்கு மணி."

பாண்டியராஜ் நோட்டை மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

"இன்னொன்னு இருக்கு, அத்த" என்றாள் அன்புக்கரசி. "கணக்கு சாரும் ரெண்டு நாள் தப்பு பண்ணிட்டாரு. ரெண்டும் ஒன்பது மணிக்கு அப்புறம்தான். இந்தப் பன்னெண்டு நாள்ல ஒரு நாள்கூட எட்டு மணிக்கு முன்னாடி மலை மேல மேகம் இல்ல. துண்டும் அப்பெல்லாம் சும்மா தொங்குது. நீங்க ரெண்டு தடவையும் பத்து மணிக்குத்தான கெளம்புனீங்க."

பத்து மணிக்குக் கிளம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. விடிகாலையில் அப்பா பூ வண்டியில் இருப்பார். சந்தை முடிந்து அவர் வீடு வரவே ஒன்பதாகிவிடும்.

அன்புக்கரசி அதையும் யோசித்திருந்தாள். திரும்பும் வழியில் சேக் பரீது மாமா வீட்டில் இறங்கினாள். அவரும் பூ வேன் ஓட்டுபவர்தான். ஞாயிறு அவருக்கு ஓய்வு நாள்.

"மாமா, நாளைக்கு ஒரு நாள் அப்பா வண்டிய நீங்க எடுக்குறீங்களா? அப்பா பறக்கணும்."

"உங்கப்பனா? ஏணியில ஏறவே பயப்படுவானே."

"அதான் மாமா, காத்து இல்லாத நேரமா பாத்து வச்சிருக்கேன்."

சேக் பரீது வாய்விட்டுச் சிரித்தார். "சரி, எடுக்குறேன். ஒன்பது மணிக்கு வண்டிய கொண்டாந்து விடுவேன், அதுக்குள்ள அவன எறக்கிரு, போதும்."

ஞாயிறு காலை ஆறு மணி. அத்தை மதுரை விமான நிலையத்து வானிலை அறிக்கையைக் கேட்டார். கணக்கு சார் போட்டுத் தந்த பாதையையும் பெட்ரோல் அளவையும் சரிபார்த்தார். அன்புக்கரசி நிமிர்ந்து பார்த்தாள். சிறுமலை அடி முதல் உச்சி வரை பளிச்சென்று தெரிந்தது.

ஏழு மணிக்கு விமானம் எழும்பியது. பின் இருக்கையில் அன்புக்கரசி. முன்னால் அப்பா கண்ணை இறுக மூடியிருந்தார்.

ஆட்டம் இல்லை. தார் ரோட்டில் புது டயர் போட்ட வண்டிபோல் விமானம் வழுக்கிக்கொண்டு போனது.

"அப்பா, கண்ணத் தொறங்க. கீழ மல்லித் தோட்டம்."

அப்பா ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதையும். கீழே பச்சைப் பாய்களைப் பக்கம் பக்கமாக விரித்ததுபோல் தோட்டங்கள் கிடந்தன. தினமும் வேனில் அவர் சுற்றிப்போகும் ரோடு, நூல்போல் அவற்றின் நடுவே ஓடியது. வலப்பக்கம் சிறுமலை, கையை நீட்டினால் தொடலாம் என்பதுபோல் வந்து, மெல்லப் பின்னால் போனது.

வடமதுரை வந்ததும் அத்தை விமானத்தை ஒரு வட்டம் திருப்பினார்.

"ரோஸு, அந்தா நம்ம படிச்ச பள்ளிக்கூடம்" என்றார் அப்பா. "இன்னொரு சுத்து சுத்தேன்."

அத்தை இன்னொரு சுற்று சுற்றினார்.

ஏழு நாற்பதுக்குச் சக்கரம் தரையைத் தொட்டது. மன்றத்தில் காத்திருந்த எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா இறங்கி, தங்கையின் தலையில் கை வைத்தார்.

"நீ பற ஆத்தா" என்றார். "எத்தன நாளு வேணாலும் பற."

ஒன்பது மணிக்கு அவர்கள் வெளியே நின்று காப்பி குடிக்கும்போது, மேற்கிலிருந்து வந்த மேகம் சிறுமலையை மொத்தமாக மூடியது. பாண்டியராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் தன் கைப்பேசியை எடுத்துக் கணக்கு சாரை இறக்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கே வீட்டில் கைப்பேசி அடிக்க ஆரம்பித்தது. முதலில் பாண்டியராஜ். பிறகு மன்றத்து விமானிகள் ஒவ்வொருவராக நாலு பேர். எல்லாருக்கும் ஒரே கேள்வி.

அம்மா ஐந்தாவது முறையாகக் கைப்பேசியை எடுத்துச் சொன்னார்:

"அன்பு மாடியில நின்னு மலையப் பாத்துட்டு இருக்கா. எறங்கி வந்ததும் கூப்பிடச் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் பறக்காதீங்க."