மஞ்சள் கோடு

வக்கீலின் கறுப்பு கார் காலை பத்து மணிக்கு ஷெட்டுக்குள் வந்து நின்றது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை வரும். இது முப்பத்தாறாவது தடவை.

"மாத்தின என்ஜின் ரெண்டு வருஷம் தாங்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. ஏழு வருஷம் ஆச்சு, ஒரு முனகல் உண்டா? நீ கைராசிக்காரன்யா" என்று சாவியை நீட்டினார் வக்கீல்.

மெக்கானிக் தலையை ஆட்டினான். வலது கை விரல்கள் மடங்காது என்பதால் இடது கையால் சாவியை வாங்கிக்கொண்டான். வக்கீல் ஆட்டோ பிடித்துக் கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

காரை லிஃப்டில் உயர்த்தி எண்ணெயை வடித்தான். பத்தாயிரம் ஓடிய எண்ணெய் மை போலக் கறுத்து இறங்க வேண்டும். இது போன தடவை ஊற்றிய அதே பொன்னிறத்தில் இறங்கியது. என்னதான் சொகுசுக் கார் என்றாலும் இரும்பு இரும்புதான், ஓட ஓடத் தேய வேண்டும். இந்த என்ஜின் தேயவில்லை. ஆறு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தால், பொருத்திய நாளில் காட்டிய அதே எண்கள். முதல் இரண்டு வருஷம் அதைப் பார்த்துப் பயந்தான். பிறகு பயமும் மரத்துப் போனது.

டார்ச்சை எடுத்து என்ஜின் அடியில் அடித்தான். எல்லா போல்ட்டுகளிலும் மஞ்சள் கோடு. ஈரமாக இருந்தது.

போல்ட்டை இறுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பது அந்த ஷெட்டின் வழக்கம். போல்ட் ஒரு மயிரிழை கழன்றாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். மெக்கானிக்கின் கோடு வெள்ளை. கூட வேலை பார்த்த தங்கை கணவனின் கோடு மஞ்சள். மாப்பிள்ளைக்கு இடது கைப் பழக்கம், அதனால் அவர் கோடு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

அந்த மாப்பிள்ளையைக் கொன்றது இந்த என்ஜின்தான். ஏழு வருஷத்துக்கு முன் இதே காருக்குள் இதை இறக்கினார்கள். என்ஜின் கிரேன் சங்கிலியில் தொங்கியது. மாப்பிள்ளை அடியில் படுத்து, அது உட்காரும் இடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "மெதுவா மச்சான்" என்றார். மெக்கானிக்குக் கொலைப் பசி, சீக்கிரம் முடித்தால் போதும் என்றிருந்தது. பாரத்தை மெல்ல இறக்கக் கால் சுற்று திறக்க வேண்டிய கிரேன் வால்வை ஒரே வீச்சில் முழுச் சுற்று திறந்துவிட்டான். என்ஜின் அப்படியே மாப்பிள்ளை மேல் இறங்கியது.

ஆள் வருவதற்குள் அவன் செய்தது இன்னொன்று. சங்கிலி மாட்டியிருந்த கொக்கியின் போல்ட்டை அவனே கழற்றினான். அதிலிருந்த மஞ்சள் கோட்டைப் பெயின்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தான். மாப்பிள்ளை இறுக்காமல் விட்டதால் கொக்கி கழன்றது என்று எல்லோரிடமும் சொன்னான். செத்தவனா வந்து சாட்சி சொல்லப் போகிறான் என்று நினைத்தான், பாவி.

பிறகு அந்த என்ஜினை அவனே பொருத்தினான். எல்லாவற்றிலும் வெள்ளைக் கோடு போட்டான். முதல் சர்வீசுக்கு வந்தபோது ஒரு வெள்ளைக் கோடு கூட இல்லை. எல்லாம் சாய்ந்த மஞ்சள்.

மூன்றாம் வருஷம் ஒரு காலையில் அவன் சுண்டு விரல் மூட்டில் அதே கோடு இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினான், போய்விட்டது. விரல் மட்டும் அதன் பிறகு மடங்கவில்லை. அடுத்தடுத்த விரல்கள், மணிக்கட்டு, போன வருஷம் முழங்கை. டாக்டர் வாதம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி இல்லை. இறுக்கம் மட்டும்தான். வலித்திருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றும்.

மதியம் தங்கை வந்தாள். லிஃப்டுக்குப் பக்கத்தில், காரின் நிழல் விழுந்த இடத்தில் நின்றாள்.

"அண்ணா, பொண்ணு ரெண்டு நாளா சாப்பிடல."

"ஏன்மா?"

"பயிற்சிக்குப் போன கம்பெனியில எல்லார் முன்னாடியும் கேட்டிருக்காங்க. உங்கப்பா போல்ட்ட இறுக்காம விட்டுச் செத்தவர்தானே, உன்ன நம்பி எப்படி வேலை குடுக்கறதுன்னு. இனிமே போகமாட்டேங்கறா." அவள் குரல் இறங்கியது. "ஏழு வருஷமா நான் கேட்டதில்ல. இப்ப கேக்கறேன். நிஜமாவே அவர்தான் இறுக்காம விட்டாரா?"

காருக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

கிரிக்... கிரிக்...

யாரோ நிதானமாக ஸ்பானரைத் திருப்பும் சத்தம். ஷெட்டில் வேறு யாரும் இல்லை. டப்பா எதுவும் திறக்காமலே பெயின்ட் வாடை மூக்கில் ஏறியது.

உண்மை தொண்டை வரை வந்தது. ஆனால் ஏழு வருஷம் ஓடிப் பழகியது பொய்தான்.

"ஆமாம்மா. அவர் அன்னைக்கு அசந்துட்டாரு."

டக்.

இறுக்கியது போதும் என்று ஸ்பானர் சொல்லும் சத்தம். இந்த முறை அது காருக்கு அடியில் கேட்கவில்லை. அவன் வலது காதுக்குக் கீழே கேட்டது.

டக்.

இடது காதுக்குக் கீழே.

தங்கையின் முகம் விழுந்துபோனதைப் பார்த்தான். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சுக்குள் ஏதோ அறுந்தது. இல்லம்மா, நான்தான், என்று சொல்ல வாயைத் திறக்கப் போனான்.

வாய் திறக்கவில்லை.

பல்லோடு பல் பூட்டிக்கொண்டு நின்றது. இடது கையால் தாடையைப் பிடித்துக் கீழே இழுத்தான். அசையவில்லை.

"என்னண்ணா பண்ணுது?" தங்கை நெருங்கி வந்தாள். அவன் காதுக்குக் கீழே தொட்டுப் பார்த்தாள். அவள் விரலில் மஞ்சள் ஒட்டியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மறுபடி அவன் தாடையைப் பார்த்தாள், நெடுநேரம்.

"இது அவர் கோடு" என்றாள் மெல்ல. "வீட்டுல கட்டில், ஃபேன், குக்கர் கைப்பிடி, எல்லாத்துலயும் இப்படித்தான் சாய்ச்சுப் போட்டு வச்சிருக்காரு. இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் கழறல."

அவன் மூச்சு மூக்கு வழியாக இரைந்தது.

"அந்த போல்ட்லயும் இந்தக் கோடு இருந்துச்சாண்ணா?"

வாய்தான் போயிற்று, தலையையாவது ஆட்டிவிடலாம் என்று கண்ணீரோடு அவளைப் பார்த்தான்.

பின்கழுத்தில் சில்லென்று ஈரம் பட்டது.

டக்.