பதினேழாம் பெட்டி

பெட்டி திருப்பித் தட்டியது.

ரோஸ்விதா கையுறையைக் கழற்றி, விரல் முட்டியால் இரண்டு முறை தட்டிவிட்டு நாலு எட்டு நடந்திருப்பாள். பின்னால், அதே இடைவெளியில், அதே மெல்லிய அழுத்தத்தில், பலகையின் உட்பக்கத்திலிருந்து இரண்டு முறை சத்தம் வந்தது. நின்றாள். இலையெல்லாம் உதிர்ந்துபோன லிண்டன் மரங்களில் காக்கைகள் அடைய ஆரம்பித்திருந்தன, ஆற்றுப் பக்கம் ஒரு டிராம் வளைவில் கிறீச்சிட்டுப் போனது, அவ்வளவுதான். குளிரில் பலகை சுருங்கினால் இப்படித்தான் சத்தம் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ட்ரெஸ்டனில் அரசித் தோட்டத்துப் பளிங்குச் சிலைகள் பனிக்காலத்தை வெளியே நின்று கழிப்பதில்லை. கல்லுக்குள் இறங்கிய ஈரம் உறைந்தால் மூக்கும் விரலும் தெறித்துவிடும். அதனால் நவம்பர் பிறந்ததும் தச்சன் வந்து ஒவ்வொரு சிலையையும் சுற்றிப் பலகைப் பெட்டி அடித்து, சாய்வாக ஒரு கூரை போட்டு, வரிசை எண்ணைக் கறுப்பு மையில் எழுதிவிடுவான். கூரைக்கடியில் காற்றுக்கு ஒரு விரல் அகலத்தில் இடுக்கு இருக்கும். பெட்டி மூடும் நாளன்று ஊர்க்காரர்கள் வந்து, தங்களுக்குப் பிடித்த சிலையின் பெட்டியை இரண்டு முறை தட்டி, “நல்லாத் தூங்கு” என்று சொல்லிவிட்டு, நின்றபடியே சூடான மசாலா ஒயின் குடித்துவிட்டுக் கலைவார்கள். அதற்குப் பிறகு ஈஸ்டர் வரைக்கும் யாரும் பெட்டியைத் தொடமாட்டார்கள். தூங்குகிறவளை எழுப்பக்கூடாது, அவ்வளவுதான் காரணம்.

ரோஸ்விதா எழுப்பினாள். தெரிந்தேதான் எழுப்பினாள்.

அவளைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை. புருஷன் லோத்தார் போய் மூன்று வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து நாளுக்கொரு பூங்காவாகப் போய்க்கொண்டிருந்தாள்: திங்கட்கிழமை அகழிக்கரைத் தோட்டம், செவ்வாய் ஆற்றங்கரை மேல்தளம், புதன் ஆரஞ்சு மரங்களைத் தொட்டியில் வைத்து வளர்க்கும் பழைய பிரபுவின் தோட்டம், இப்படி வாரம் ஓடியது. பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் யாராவது உட்காருவார்கள், ஒரு வார்த்தை பேசுவார்கள் என்று ஆசை. உட்காருவார்கள், கைபேசியைப் பார்ப்பார்கள், எழுந்து போவார்கள். வாரக்கணக்கில் தன் குரலைத் தானே கேட்காமல் இருந்துவிட்டு, ரொட்டிக்கடையில் வாயைத் திறந்தால் தொண்டை கட்டியிருக்கும். தனிமை அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் பதினேழாம் எண்ணிலிருந்த குடத்துக்காரிக்கு, தண்ணீர் ஊற்றும் அந்தப் பளிங்குப் பெண்ணுக்கு, தினமும் வீடு திரும்பும் வழியில் தட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் மூன்று முறை தட்டிப் பார்த்தாள். மூன்று வந்தது. ஐந்து தட்டினாள். ஐந்து வந்தது. பலகை சுருங்குவதற்குக் கணக்குத் தெரியுமா என்ன? ஓடிப்போயிருக்க வேண்டும். ஓடவில்லை. இடுக்கின் பக்கம் முகத்தைக் கொண்டுபோனாள். ஈரக் கல்லின் வாடையும் பிசின் வாடையும் வரவேண்டிய இடத்தில் இளஞ்சூடாக வேறொன்று வந்தது, வெகுநாள் திறக்காத துணி அலமாரியைத் திறந்தால் வருகிற வாடை.

“ஆமான்னா ஒண்ணு தட்டு, இல்லைன்னா ரெண்டு” என்றாள், அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு. “குளிருதா?”

இரண்டு.

“தனியா இருக்கியா?”

உள்ளே எதுவோ பலகையோடு உரசியது. பிறகு ஒன்று.

ரோஸ்விதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்கப்புறம் மற்ற தோட்டங்களை மறந்தாள். தினமும் மூன்று மணிக்கு வந்து, பெட்டிமேல் தோளைச் சாய்த்து நின்று, எல்லாவற்றையும் கொட்டினாள். லோத்தார் ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தண்ணீர் கேட்டது, தன் வீடு கோபால்ட் தெருவில் மூன்றாம் மாடி, லிஃப்ட் எப்போதும் ரிப்பேர், பக்கத்து வீடு காலி, ஒரு தட்டு ஒரு கரண்டிதான் தினமும் கழுவுகிறாள் என்பது வரை. உள்ளேயிருந்தது பொறுமையாகக் கேட்டது. மனுஷர்கள் அப்படிக் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹாம்பர்க்கிலிருந்து மகள் உல்ரிக்கெ போன் செய்தாள்.

“அம்மா, கிறிஸ்துமஸுக்கு வரமுடியாதும்மா. வேலை கழுத்தை நெரிக்குது.”

“பரவால்லடி. ஸ்டோலன் ரொட்டி பண்ணி வெச்சேன், தபால்ல அனுப்புறேன்.”

“அது இருக்கட்டும். கெர்லிண்டெ போன் பண்ணாங்க. நீ பூங்காவுல ஒரு மரப்பெட்டிகிட்ட நின்னு பேசுறியாமே? அழுறியாமே?”

கெர்லிண்டெ முன்பு கீழ்வீட்டில் குடியிருந்தவள், அரசித் தோட்டத்து வாசலில் மணியடித்துக் கதவு பூட்டுகிற வேலை அவளுக்கு. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

“அவளுக்கு வேற பொழப்பு இல்ல” என்றாள் ரோஸ்விதா.

“விளையாடாதம்மா. ஜனவரில வரேன். டாக்டர்கிட்ட போவோம். இங்க நல்ல முதியோர் இல்லம் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். இன்னொரு தடவை கெர்லிண்டெகிட்டேருந்து போன் வந்துச்சுன்னா ஜனவரி வரைக்கும் காத்திருக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

போனை வைத்த பிறகு ரோஸ்விதா சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இந்த வீட்டில் லோத்தாரின் செருப்பு இன்னும் கட்டிலடியில் இருக்கிறது. இதை விட்டுவிட்டு எங்கோ ஒரு இல்லத்தில், பெயர் எழுதிய கோப்பையில் காபி குடித்துக்கொண்டு! மாட்டேன், செத்தாலும் மாட்டேன் என்று வாய்விட்டே சொன்னாள். ஆனால் ஒன்று தெரிந்தாக வேண்டும். தட்டுவது நிஜமா, அல்லது தனக்கே மண்டை கழன்றுவிட்டதா?

வியாழக்கிழமை மறுபடி போனாள். பத்தடி தூரத்தில் இருக்கும்போதே தட்டும் சத்தம் கேட்டது. அவள் இன்னும் தட்டவே இல்லை. காலடியைக் கேட்டே தெரிந்துகொண்டிருக்கிறது. தட்டல் வேகமாக வந்தது, பலகையின் கீழ் மூலையிலிருந்து ஆரம்பித்து மேலே, இன்னும் மேலே, இடுக்கு வரைக்கும்.

“நீ குடத்துக்காரிதானே?” என்று கேட்டாள். இத்தனை நாள் கேட்காத கேள்வி.

இரண்டு.

அன்று எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை தச்சன் எக்கார்ட் பூங்காவின் கருவிக் கொட்டகையில் இருப்பான், அவனிடம் போய் விசாரித்தாள். மூச்சுவிடாமல் பேசுகிற ஆள், வாயிலிருந்து ஆவியும் பேச்சும் சேர்ந்தே வரும்.

“பதினேழா?” என்றான், சிரித்துக்கொண்டே. “யாருகிட்டயும் சொல்லிடாதீங்க ரோஸ்விதாம்மா. அதுக்குள்ள ஒண்ணுமே இல்ல.”

“ஒண்ணுமே இல்லையா?”

“குடத்துக்காரிக்குக் கை விரிசல். பெட்டி அடிக்கிறதுக்கு முந்தின நாள்தான் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போனாங்க. ஆனா பட்டியல்ல பதினேழுன்னு இருந்துச்சு, நான் பாட்டுக்கு அடிச்சுட்டேன். பட்டியல்ல இருந்தா நான் காத்துக்கும் பெட்டி அடிப்பேன், நம்ம ஆளுங்க அப்படி. முடிச்சப்பறம்தான் உறைச்சுது, உள்ள வெறும் பீடம். கழட்டினா மேலதிகாரி சிரிப்பான்னு அப்படியே விட்டுட்டேன்.”

ரோஸ்விதா கொட்டகைக் கதவைச் சாத்தினாள். எல்லாவற்றையும் சொன்னாள், அழுகையை மட்டும் விட்டுவிட்டு. எக்கார்ட் சிரிக்கவில்லை, அதற்கு அவனுக்குப் புண்ணியம் உண்டு.

“மரநாயா இருக்கும். குளிருக்குப் புகுந்திருக்கும். வாங்க, திறந்தே காட்டிடுறேன். கண்ணால பாத்துட்டா நிம்மதியாத் தூங்குவீங்க.”

மணி நாலாகப் போகிறது. பூங்காவில் ஆளில்லை. பனிமூட்டம் குளத்திலிருந்து கிளம்பி முழங்கால் உயரத்துக்குப் பரவியிருந்தது, அதற்குமேல் சாம்பல் நிறப் பெட்டிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். பதினேழாம் பெட்டி சத்தமில்லாமல் இருந்தது. எக்கார்ட் திருப்புளியால் நாலு திருகாணியைக் கழற்றி, ஒரு பலகையை எடுத்துச் சாய்த்து வைத்தான். டார்ச்சை அடித்தான்.

வெறும் பீடம். மூலையில் கொஞ்சம் சருகு.

“பாருங்க. மரநாயும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல.” உள்ளே காலை வைத்தான். “இருங்க, பின்பக்கமும் பாத்துடுறேன். நான் இங்கயே சிலையா நின்னுட்டா எப்படி இருக்கும்? என் பொண்டாட்டி சந்தோஷப்பட்டாலும் படுவா.”

பீடத்தைச் சுற்றிப் போனான். டார்ச் வெளிச்சம் பலகை இடுக்குகளில் கோடு கோடாக நகர்ந்தது.

அணைந்தது.

“எக்கார்ட்?”

 துணி உரசும் சத்தம். மெதுவாக எதையோ மடித்து வைப்பது போலிருந்தது. அந்த இளஞ்சூட்டு வாடை திறப்பிலிருந்து வந்து அவள் முகத்தில் பட்டது.

“எக்கார்ட், வெளில வாப்பா. போதும்.”

வந்தான். அதே தொப்பி, அதே நீலச் சட்டை. அவளைப் பார்த்துத் தலையசைத்தான். பலகையைத் தூக்கிப் பொருத்தினான். திருகாணிகளை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினான்.

“அப்பாடா” என்றாள் ரோஸ்விதா. “நான் ஒரு பயந்தாங்கொள்ளி. உன் வேலையையும் கெடுத்தேன்.”

அவன் முழங்கையை மடித்து நீட்டினான். கையைக் கோத்துக்கொள்ளச் சொல்கிறான். மூன்று வருஷமாக யாரும் அவளுக்குக் கை கொடுத்ததில்லை. கோத்துக்கொண்டாள். வெட்கம்கூட வந்தது அவளுக்கு. சரளைக்கல் பாதையில் வாசலை நோக்கி நடந்தார்கள். கெர்லிண்டெ மூடும் மணியை அடிக்க ஆரம்பித்திருந்தாள்.

பாதி வழியில்தான் நினைவு வந்தது. திருப்புளி பனியில் கிடந்தது. பலகை சாய்த்திருந்த இடத்தில், கழற்றிப் போட்டபடியே. அப்படியானால் திருகாணியை எதனால் முடுக்கினான்?

கட்டைவிரலால்.

அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் நின்றாள்.

பேசவில்லை இவன். வெளியே வந்ததிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. எக்கார்ட், பேசாமல்!

பின்னால் தட்டும் சத்தம். இது மெல்லிய தட்டல் இல்லை. இரண்டு கையாலும் அறைகிறார்கள், காலால் உதைக்கிறார்கள்.

“ரோஸ்விதாம்மா! ரோஸ்விதாம்மா, திறங்க! இங்க, உள்ள இருக்கேன்! ஐயோ, மூச்சு…”

பக்கத்திலிருந்தவன் திரும்பவில்லை. நடையும் மாறவில்லை. அவன் கைக்குள் அவள் கை அழுந்திக் கிடந்தது. இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. மூடுபனி. மணி. குரல். மறுபடி மணி.

வாசல் வந்துவிட்டது. கெர்லிண்டெ கம்பளிக் குல்லாயைக் காது மூட இழுத்துவிட்டு, மணிக்கயிற்றைப் பிடித்தபடியே சிரித்தாள்.

“அடேங்கப்பா, ஜோடியா வர்றீங்க! எக்கார்ட், உன் டிராம் அந்தப் பக்கமில்ல?”

அவன் புன்னகைத்தான். பல் தெரியாத புன்னகை. கோபால்ட் தெருப் பக்கம் திரும்பி நின்றான்.

கெர்லிண்டெ கயிற்றை விட்டாள். மணி ஓய்ந்தது. தோட்டத்துக்குள்ளிருந்து, வெகு தூரத்திலிருந்து, ஒரு மனுஷன் ‘ரோஸ்விதாம்மா’ என்று அழும் சத்தம் ரோஸ்விதாவுக்குத் தெளிவாகக் கேட்டது. கெர்லிண்டெ சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, ரோஸ்விதாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அக்கறைதான் இருந்தது.

“என்னங்க, இப்படி வெளுத்துப் போயிட்டீங்க? மறுபடி ஏதாச்சும் கேக்குதா?”

சொல்லலாம். ஒரே ஒரு வார்த்தை. எக்கார்ட் பெட்டிக்குள் இருக்கிறான். இதோ எக்கார்ட் அவள் பக்கத்தில் நிற்கிறான். அவன் கையைக் கோத்துக்கொண்டே, எக்கார்ட் பெட்டிக்குள் இருக்கிறான் என்று சொல்லலாம். ராத்திரிக்குள் ஹாம்பர்க்குக்குப் போன் போகும்.

குரல் இன்னும் கேட்டது. கம்மிக்கொண்டே வந்தது.

“இல்லையே” என்றாள் ரோஸ்விதா. “ஒண்ணும் கேக்கலையே.”

கெர்லிண்டெ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினாள். பூட்டு விழுந்தது. “திங்கக்கிழமை பாப்போம்” என்று சொல்லிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு டிராம் நிறுத்தத்துக்குப் போனாள். தெருவிளக்குகள் எரிந்தன. வீட்டு ஜன்னல்களில் கிறிஸ்துமஸ் மெழுகுவத்திகள். நடைபாதையில் ஆட்கள் ஒதுங்கி, வயதானவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகும் நல்ல மனுஷனுக்கு வழிவிட்டார்கள். மூன்றாம் மாடி, லிஃப்ட் ரிப்பேர். படியடியில் அவள் கையை விட்டுவிட்டு அவன் முன்னால் ஏறினான், ஒவ்வொரு படியிலும் நின்று, அவள் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே. மூன்றாம் மாடியில் அவளுடைய கதவுக்கு முன் போய் நின்றான். அவள் கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். இருட்டில் பூட்டுத் துளை அகப்படவில்லை. அவன் பொறுமையாகக் காத்திருந்தான்.