திக்காத குரல்

வாசிப்பு வட்டத்தில் கடைசியாக மிஞ்சியிருந்த பையனும் ஒரு சொல்லில் தடுக்கி நிறுத்திவிட்டான். ஆனால் வாசிப்பு நிற்கவில்லை. மழைக்கு இருட்டிக் கிடந்த பள்ளி நூலகத்தின் கோடியில், சுவரை ஒட்டிய அலமாரிக்குப் பின்னாலிருந்து, பசையும் நனைந்த காகிதமும் கலந்த வாடையோடு ஒரு சின்னக் குரல் மிச்ச வரியைக் கடகடவென்று வாசித்து முடித்தது.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நூலகப் பொறுப்பாளருக்குச் சிரிப்பு வரவில்லை. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளிதான் இருந்தது. குனிந்து பார்த்தாள். ஒட்டடை தவிர ஒன்றுமில்லை.

"மிஸ், ஜெயிச்சது அதுதான். அடுத்த வாரப் புத்தகத்தை அதுதானே சொல்லணும்?" என்றான் தோற்ற பையன். அவன் வாயடிப்பதால் எல்லோருக்கும் அவன் ரேடியோ.

இந்த வாசிப்பு வட்டம் பொறுப்பாளர் கண்டுபிடித்த விளையாட்டு. எல்லோரும் சேர்ந்து உரக்க வாசிக்க வேண்டும். தடுக்குகிறவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கடைசிவரை தாக்குப்பிடிக்கிறவர் மற்றவர்களுக்கு அடுத்த புத்தகத்தைப் பரிந்துரைக்கலாம். முதலில் தோற்பவர் புத்தகங்களைத் திரும்ப அடுக்க வேண்டும். முதலில் தோற்பது எப்போதும் அவள் மகள்தான். பள்ளியில் அம்மா என்று கூப்பிடக் கூடாது, மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாள். அந்தச் சின்னச் சொல்லுக்கே பிள்ளைக்கு வாய் திக்கும். நூலகத்துக்காரி பெற்றது ஒரு வரி படிக்காது என்று ஊரே சிரிப்பதாக அவளுக்குள் ஒரு வெட்கம் அரித்துக்கொண்டே இருந்தது.

"அலமாரிக்குப் பின்னால இருக்கறதுகூட ஒழுங்கா படிக்குது," என்றாள் மகளைப் பார்த்து, எல்லோர் முன்னாலும். "உனக்குப் பதிலா அதையே வளர்த்திருக்கலாம்." அதோடு விடாமல் அலமாரிப் பக்கம் திரும்பி, "ஜெயிச்சியே, வந்து வேணுங்கறத எடுத்துக்கோ," என்று வேறு சொன்னாள்.

மறுபடியும் சிரிப்பு. மகளும் நகத்தைக் கடித்துக்கொண்டே சிரிக்கப் பார்த்தாள்.

குடைகளோடு பெற்றோர் வந்து ஒவ்வொருவராக அழைத்துப் போனார்கள். மகள் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு கோடிக்குப் போனாள். ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே, கூரையில் மழை இரைவதையும், பலகையில் புத்தகங்கள் உரசி உள்ளே போவதையும், நடுநடுவே பிள்ளை மூக்கை உறிஞ்சுவதையும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். உரசல் நின்றது. மூக்கு உறிஞ்சுவதும் நின்றது.

"என்ன பண்ற அங்க? நேரமாச்சு, வா."

மகள் வந்தாள். கையில் ஒரு புத்தகம். நின்றபடியே வாசித்தாள், ஓரிடத்திலும் இடறாமல்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"என் தங்கமே! இன்னொரு தரம் படி."

"எத்தனை தரம் வேணும்னாலும் படிக்கறேம்மா."

தலைமுடியில் பசை வாடை. நனைந்த காகித வாடை.

புத்தகத்தைப் பார்த்தாள். தலைகீழாக இருந்தது.

கோடியில் ஏதோ சுரண்டியது.

கால் தானாக நடந்தது. இடைவெளி இருட்டாக இருந்தது. கையை உள்ளே விட்டாள்.

விரல்கள். சின்ன விரல்கள். அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. கடித்துக் கடித்துக் குட்டையான நகங்கள்.

இழுத்தாள். வரவில்லை. தோள்வரை நுழைத்து இழுத்தாள். சுவர்தான் இடித்தது.

மறு கையை யாரோ பிடித்தார்கள். வழவழப்பான, முழு நகங்கள்.

"அது கிடக்கட்டும்மா," என்றது அந்தத் திக்காத குரல். "ஜெயிச்சது நான்தானே. வீட்டுக்குப் போகலாம்."

சுவருக்குள்ளிருந்து, சொல்லி வைத்திருந்தபடியே, பிள்ளை கூப்பிட்டது.

"மி... மி... மி..."